சென்டம் முதல் செப்டம்பர் வரை: அன்றாடச் சொற்களில் லத்தீன், கிரேக்க எண்கள்

தமிழ்நாட்டில் பொதுத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், கணக்கில் எத்தனை பேர் ‘சென்டம்’ எடுத்தார்கள் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு நடக்கும். நூற்றுக்கு நூறு என்ற பொருளில் நாம் வழங்கும் இந்தச் சொல், லத்தீன் மொழியின் எண்ணுப்பெயர். ரோமானியர்கள் நூறு என்ற எண்ணைக் ‘கெந்தும்’ என்றார்கள்; அதே எழுத்துகளை ஆங்கிலேயர் வாசித்த முறையில் அது ‘சென்டம்’ ஆகி நம்மிடம் வந்து சேர்ந்தது. கிரிக்கெட்டில் நூறு ஓட்டம் எடுத்தால் ‘செஞ்சுரி’, ஒரு மீட்டரின் நூறில் ஒரு பங்கு ‘சென்டிமீட்டர்’, வங்கி வட்டி இத்தனை ‘பெர்சென்ட்’ என்று நாள்தோறும் சொல்கிறோம். இவை அனைத்திலும் இருப்பது அந்த ஒரே வேர்தான்.

நூறு மட்டுமன்றி, ஒன்று முதல் பத்து வரையிலான எண்களும் ஆயிரமும் இப்படியே லத்தீன் வடிவிலும் கிரேக்க வடிவிலும் நம் பேச்சில் கலந்திருக்கின்றன. இரண்டு மொழிகள் ஏன் என்றால், ரோமானியரின் ஆட்சி, சட்டம், நாட்காட்டி, படை ஆகியவை லத்தீனில் நடந்தன. வடிவக் கணிதமும் மருத்துவமும் பெரும்பாலும் கிரேக்கத்தில் எழுதப்பட்டன. பின்னாளில் ஐரோப்பிய அறிஞர்கள் புதிய பொருளுக்குப் பெயர் தேடியபோதெல்லாம் இந்த இரண்டு களஞ்சியங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். தெரிந்துகொள்ள வேண்டிய வேர்கள் மொத்தம் இருபத்தைந்துக்கு மேல் போகாது. அவற்றை அறிந்தவருக்கு வேதியியல் பாடமும் தடுப்பூசி அட்டையும் கணினிக் கடையின் விலைப்பட்டியலும் பிரித்துப் படிக்கக்கூடியவையாக ஆகிவிடும்.

ஆனால் வேரை அறிவது பாதி வேலைதான் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட விரும்புகிறேன். எண்ணைக் கொண்டு வைத்த பெயர், அது வைக்கப்பட்ட நாளின் கணக்கைச் சொல்லும். பொருள் பிறகு மாறினாலும் பெயர் அப்படியே நின்றுவிடும். ஆகவே பெயரில் உள்ள எண்ணைப் படித்த கையோடு, பொருளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாட்காட்டியில் ஏற்கெனவே இருக்கும் பட்டியல்

இந்த வேர்களைப் புதிதாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் திதிகளின் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன: துவிதியை, திரிதியை, சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி, சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி. இவை இரண்டாவது முதல் பத்தாவது வரையிலான நாட்களைக் குறிக்கும் வடமொழிப் பெயர்கள். இவற்றுக்குப் பக்கத்தில் லத்தீன் எண்களை வைத்துப் பார்க்கலாம். இரண்டு துவோ, மூன்று த்ரேஸ், நான்கு க்வாத்துவோர், ஐந்து க்வின்க்வே, ஆறு செக்ஸ், ஏழு செப்தெம், எட்டு ஒக்தோ, ஒன்பது நொவெம், பத்து தெகெம். கிரேக்கத்தில் அவை முறையே துவோ, த்ரெய்ஸ், தெத்தாரெஸ், பென்தே, ஹெக்ஸ், ஹெப்தா, ஒக்தோ, என்னேயா, தெகா. கூட்டுச் சொற்களில் இரண்டு ‘டை’ என்றும், மூன்று ‘ட்ரை’ என்றும், நான்கு ‘டெட்ரா’ என்றும், பத்து ‘டெக்கா’ என்றும் ஆங்கிலத்தின் வழியே உருமாறி நமக்குக் கிடைக்கின்றன.

இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், 1786ஆம் ஆண்டில் ஆசியக் கழகத்தில் ஆற்றிய உரையில், வடமொழி, கிரேக்கம், லத்தீன் ஆகிய மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று கூறினார். இன்று அந்த மொழிகளை இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்கிறோம். தமிழ் எண்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை திராவிட மொழிகளுக்கு உரியவை. நம்முடைய ‘எட்டு’ அஷ்டத்தையும் ஒக்தோவையும் போல ஒலிப்பதைக் கண்டு உறவு கொண்டாடிவிடக் கூடாது. அதன் அடி ‘எண்’ என்பதை எண்பது, எண்திசை போன்ற சொற்களே காட்டுகின்றன.

ஒலிகள் மாறிய விதத்தையும் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். சப்தமியின் ‘சப்த’வும் லத்தீனின் செப்தெமும் சகரத்தில் தொடங்க, கிரேக்க ஹெப்தா மட்டும் ஹகரத்தில் தொடங்குகிறது. சொல்லின் முதலில் உயிரெழுத்துக்கு முன்னே நின்ற சகர ஒலியைக் கிரேக்கம் ஹகரமாக்கிவிட்டது. ஆறைக் குறிக்கும் ‘ஹெக்ஸ்’, பாதியைக் குறிக்கும் ‘ஹெமி’ ஆகியவையும் இப்படி வந்தவையே. லத்தீனில் அந்தப் பாதி ‘செமி’. செமிஃபைனலில் இருப்பது அதுதான். பாரசீகமும் இதே போன்ற மாற்றத்தைக் கண்ட மொழி. அங்கே ஏழு ‘ஹஃப்த்’. ஏழு நாள் கொண்ட வாரத்துக்கு இந்தியில் ‘ஹஃப்தா’ என்று பெயர் வந்தது அதனால்தான்.

ஐந்தில்தான் தொடக்கநிலையாளர் தடுமாறுவார். பஞ்சமி, பென்தே, க்வின்க்வே ஆகிய மூன்றும் காதுக்கு உறவாகத் தெரிவதில்லை. மூலச் சொல்லின் முதலில் பகர ஒலியும் நடுவில் ‘க்வ’ போன்ற ஒலியும் இருந்தன. லத்தீன் முதல் ஒலியையும் நடு ஒலியைப் போலவே மாற்றிக்கொண்டது. கிரேக்கம் நடு ஒலியைத் தகரமாக்கியது. வடமொழி அதைச் சகரமாக்கியது. நான்கிலும் அந்த ‘க்வ’ ஒலிதான் வடமொழியில் சதுர் என்றும் கிரேக்கத்தில் தெத்தாரெஸ் என்றும் பிரிந்தது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பென்டகனும் பஞ்சாங்கமும் ஒரே எண்ணைத் தலையில் சுமப்பது விளங்கும்.

பத்தைத் தாண்டியும் உறவு தொடர்கிறது. துவாதசி என்பது இரண்டும் பத்தும் சேர்ந்த பன்னிரண்டு. லத்தீனில் அது துவோதெகிம். அந்தச் சொல் பிரெஞ்சு மொழியில் சுருங்கி, ஆங்கிலத்தில் இன்னும் தேய்ந்து, வாழைப்பழக் கடையில் நாம் கேட்கும் ‘டஜன்’ ஆயிற்று. நூறுக்கு வடமொழியில் சதம். நூற்றாண்டு விழாவைக் குறிக்கும் ‘சதாப்தி’யிலும் ‘சதவீத’த்திலும் அது இருக்கிறது. இலங்கையில் ரூபாயின் நூறில் ஒரு பங்கைத் தமிழர்கள் ‘சதம்’ என்றும், ஆங்கிலத்தில் பேசும்போது ‘சென்ட்’ என்றும் சொல்கிறார்கள். ஒரே நாணயத்துக்கு வழங்கும் அந்த இரண்டு பெயர்களும் உடன்பிறந்தவை. மொழியியலாளர்கள் இந்தோ-ஐரோப்பிய மொழிகளை இரு பிரிவாகப் பிரித்தபோது, அவற்றுக்கு வைத்த பெயர்களே ‘கெந்தும்’, ‘சதெம்’ என்பனதாம். முதலாவது லத்தீனின் நூறு. இரண்டாவது பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவின் நூறு.

ஒன்று மட்டும் இந்த வரிசைக்குள் அழகாக அடங்குவதில்லை. வடமொழியில் ஏகம், லத்தீனில் ஊனுஸ், கிரேக்கத்தில் ஹெய்ஸ் என்று மூன்றும் விலகி நிற்கின்றன. யூனிஃபார்ம், யூனியன், யூனிட் ஆகியவை ஊனுஸின் வழி வந்தவை. கிரேக்கத்திலிருந்து கூட்டுச் சொற்களுக்கு எடுக்கப்பட்டது ஹெய்ஸ் அன்று. ‘தனித்த’ என்று பொருள்படும் மோனோஸ். மோனோ ஆக்டிங்கும் மோனோரயிலும் அதன் பிள்ளைகள்.

செப்டம்பர் ஏன் ஒன்பதாவது மாதம்?

வேரைக் கற்றவுடன் எவருக்கும் எழும் முதல் கேள்வி இதுதான். செப்டம்பரில் ஏழும் அக்டோபரில் எட்டும் நவம்பரில் ஒன்பதும் டிசம்பரில் பத்தும் கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன; ஆனால் அவை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான மாதங்கள். ஜூலியஸ் சீசரும் அகஸ்டஸும் தங்கள் பெயரில் இரண்டு மாதங்களை நடுவில் செருகியதால் மற்றவை தள்ளிப்போயின என்ற விளக்கம் பரவலாக வழங்குகிறது. அது தவறு. அந்த இரண்டு மாதங்களும் புதிதாகச் செருகப்பட்டவை அல்ல. முன்பே இருந்த மாதங்களுக்குப் பெயர்தான் மாறியது.

ரோமானிய மரபின்படி அவர்களுடைய பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அதில் பத்து மாதங்களே இருந்தன. மார்ச், ஏப்ரல், மே, ஜூன் ஆகிய நான்குக்கு மட்டும் தனிப்பெயர். அதற்குப் பிறகு பெயர் தேடாமல் எண்ணைச் சொல்லியே ஐந்தாவது க்வின்தீலிஸ், ஆறாவது செக்ஸ்தீலிஸ் என்று தொடங்கிப் பத்தாவதான டிசம்பர் வரை போனார்கள். குளிர்கால நாட்களுக்குரிய ஜனவரியையும் பிப்ரவரியையும் நூமா என்ற மன்னர் சேர்த்ததாக மரபு சொல்கிறது. கி.மு. 153 முதல் ரோமின் தலைமை அதிகாரிகளான கான்சல்கள் ஜனவரி 1ஆம் நாளில் பதவியேற்கத் தொடங்கினார்கள். ஆண்டுகளை அவர்களுடைய பெயரைச் சொல்லியே குறித்து வந்தமையால், ஆண்டின் தொடக்கம் ஜனவரியில் நிலைபெற்றது. கணக்கின் முனை இரண்டு மாதம் முன்னே நகர்ந்ததால், செப்டம்பர் ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போனது.

பெயர் மாற்றங்கள் இதற்கெல்லாம் பிந்தியவை. கி.மு. 44இல் க்வின்தீலிஸ் ஜூலை ஆயிற்று; கி.மு. 8இல் செக்ஸ்தீலிஸ் ஆகஸ்ட் ஆயிற்று. அகஸ்டஸின் பிறவிப் பெயர் ஒக்தாவியஸ் என்பதை இங்கே நினைவுகூரலாம். எட்டாவது என்ற சொல்லிலிருந்து பிறந்த குடும்பப் பெயர் அது. எட்டைப் பெயரில் தாங்கியவருக்கு உரிய மாதம் இன்று எட்டாவதாகவே அமைந்திருக்க, எட்டைத் தாங்கிய அக்டோபர் பத்தாவதாக நிற்கிறது. பின்னாளில் டொமிஷியன் என்ற பேரரசர் அக்டோபருக்குத் தன் பெயரைச் சூட்டினார், கி.பி. 96இல் அவர் கொல்லப்பட்டதும் பழைய பெயரே திரும்பி வந்தது. எண்ணுப்பெயர்கள் எவ்வளவு உறுதியாக ஒட்டிக்கொள்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்படிப் பொருள் நகர்ந்தபின் பெயர் நின்றுவிட்ட இடங்கள் பல. ‘குட் ஆஃப்டர்நூன்’ என்பதில் உள்ள ‘நூன்’, ஒன்பதாம் மணி என்ற லத்தீன் தொடரின் எச்சம். ரோமானியர் சூரிய உதயத்திலிருந்து மணியை எண்ணினார்கள். எனவே அவர்களுடைய ஒன்பதாம் மணி பிற்பகல் மூன்று மணி அளவில் வரும். தமிழ் விவிலியத்தில் இயேசு சிலுவையில் கூவிய நேரமாக வரும் ‘ஒன்பதாம் மணி நேரம்’ அதுதான். அந்த நேரத்துக்குரிய மடாலய வழிபாடு இடைக்காலத்தில் மெல்ல முன்னே நகர்ந்து, பெயரையும் தன்னோடு உச்சிப் பொழுதுக்கு இழுத்து வந்துவிட்டது. அதே விவிலியத்தின் ‘நூற்றுக்கு அதிபதி’ ரோமானியப் படையின் செஞ்சுரியன்; பேரரசுக் காலத்தில் அவருக்குக் கீழே இருந்த வீரர்கள் ஏறத்தாழ எண்பது பேர்தான்.

குவாரண்டைன் இன்னும் அண்மைய நினைவு. 1377இல் இன்றைய துப்ரோவ்னிக் ஆன ரகூசா நகரம், கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வருவோரை முப்பது நாள் தனித்து வைத்த பிறகே ஊருக்குள் விட்டது. பிறகு அது நாற்பது நாளாக நீண்டது. இத்தாலிய மொழியில் நாற்பது ‘க்வாரந்தா’, அதன் தாய் லத்தீனின் க்வாத்ராகிந்தா. கொரோனா காலத்தில் பதினான்கு நாள் அறையில் அடைந்து கிடந்தவர்களும் நாற்பதின் பெயரால்தான் அடைந்து கிடந்தார்கள். கடையில் வாங்கும் பழச்சாறு அடைத்த டெட்ரா பேக்கும் இந்த வகையே. 1951இல் சுவீடனில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதல் பெட்டி, நான்கு முக்கோண முகங்கள் கொண்ட டெட்ராஹெட்ரன் வடிவத்தில் இருந்தது. இன்று நாம் காணும் பெட்டிகளில் பெரும்பாலானவை செங்கல் வடிவில் ஆறு முகங்களுடன் இருந்தாலும், பெயரில் நான்கு தொடர்கிறது.

ஆட்களுக்கும் ஊர்களுக்கும் எண்ணே பெயர்

ரோமானியர் மாதங்களுக்குச் செய்ததை மனிதர்களுக்கும் செய்தார்கள். க்வின்டஸ் என்றால் ஐந்தாமவன், செக்ஸ்டஸ் ஆறாமவன், டெசிமஸ் பத்தாமவன். பிறந்த வரிசையைக் குறித்ததாகவோ பிறந்த மாதத்தைக் குறித்ததாகவோ இவை தொடங்கியிருக்கலாம். பிறகு எண்ணிக்கையைப் பாராமல் சூட்டும் வெறும் பெயர்களாயின. தமிழ் விவிலியத்தைப் படிப்பவர்கள் இப்படிப்பட்ட மூவரை அறியாமலே சந்தித்திருப்பார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலோடு பயணம் செய்யும் செக்குந்து, இரண்டாமவர். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதியில், பவுல் சொல்லச் சொல்லத் தன் கையால் எழுதிய தெர்தியு, மூன்றாமவர். அடுத்த வசனத்திலேயே வாழ்த்துச் சொல்லும் குவர்த்து, நான்காமவர். அதே விவிலியத்தில் வரும் தெக்கப்போலி என்ற நாட்டின் பெயர் கிரேக்கம்: தெகா என்றால் பத்து, போலிஸ் என்றால் நகரம். பெந்தெகொஸ்தே என்ற சொல்லும் கிரேக்கமே. ஐம்பதாவது என்று பொருள். பஸ்காவிலிருந்து எண்ணி வரும் ஐம்பதாம் நாளின் திருவிழாவுக்கு ஏற்பட்ட பெயர் அது.

கட்டடங்களில் பென்டகனை அறியாதவர் இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான அது 1943இல் கட்டி முடிக்கப்பட்டது. முதலில் தேர்ந்தெடுத்த இடத்தைச் சுற்றிச் சென்ற சாலைகள் ஐங்கோண மனையை ஏற்படுத்தியதால் வரைபடமும் ஐங்கோணமாயிற்று. இடம் மாறியபிறகும் வடிவத்தை மாற்றவில்லை.

ஒரு தடுப்பூசியில் ஓர் உண்மையும் மூன்று மயக்கங்களும்

வேர் தெரிந்தவர்களுக்கு வரும் அடுத்த ஆபத்து, கண்ட இடமெல்லாம் எண்ணைக் காண்பது. இதை விளக்க நம் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையே போதும். பிறந்த 6, 10, 14ஆவது வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் தடுப்பூசி, இந்தியாவில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் அரசுத் திட்டத்தில் அறிமுகமானது. ‘பென்டா’ இங்கே மெய்யாகவே ஐந்து. டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் என்னும் ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹீமோபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி ஆகிய ஐந்திலிருந்து அது காக்கிறது.

இப்போது அந்த நோய்களின் பெயரைப் பாருங்கள். டிப்தீரியாவின் முதலெழுத்து இரண்டைக் குறிக்கும் டை போலவும், டெட்டனஸ் நான்கைக் குறிக்கும் டெட்ரா போலவும், ஹெபடைடிஸ் ஏழைக் குறிக்கும் ஹெப்டா போலவும் தோன்றும். மூன்றுமே எண்கள் அல்ல. டிப்தெரா என்றால் கிரேக்கத்தில் பதனிட்ட தோல்; நோயாளியின் தொண்டையில் தோல் போன்ற படலம் படிவதால் அந்தப் பெயர். டெட்டனஸின் வேருக்கு இழுத்து நீட்டுதல் என்று பொருள். தசைகள் விறைத்து இழுத்துக்கொள்வதே அந்த நோயின் அடையாளம். ஹெபடைடிஸில் உள்ளது ஹேபார், அதாவது கல்லீரல். ஆகவே ஒரு சொல்லை எண்ணாகப் பிரிக்கும் முன், எஞ்சிய பகுதி தனியே பொருள் தருகிறதா என்று பார்க்க வேண்டும். பென்டாவைக் கழித்தால் வலிமையைக் குறிக்கும் வேலன்ட் மிஞ்சுகிறது. டெட்டனஸில் டெட்டைக் கழித்தால் மிஞ்சுவதற்குப் பொருள் இல்லை.

கல்லூரி மாணவர்கள் நாவில் எப்போதும் இருக்கும் செமஸ்டர் வேறு விதமான மயக்கம். அரையாண்டு என்பதால் அதில் பாதியைக் குறிக்கும் செமி இருப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஆறைக் குறிக்கும் செக்ஸும் மாதத்தைக் குறிக்கும் மென்சிஸும் சேர்ந்து தேய்ந்த சொல். ஆறு மாதம் என்பதே அதன் நேர்ப்பொருள். கருவுற்ற பெண்களின் காலத்தை மருத்துவர்கள் ட்ரைமெஸ்டர்களாகப் பிரிப்பதை நினைத்தால் இது உடனே விளங்கும்: அது மூன்று மாதம்.

நெல் கொள்முதல் நிலையத்தில் வழங்கும் குவிண்டாலும் க்வின்க்வேயை, அதாவது ஐந்தை, நினைவூட்டும். ஆனால் நூறு கிலோவுக்கும் ஐந்துக்கும் என்ன தொடர்பு? எதுவும் இல்லை. நூறு கொண்டது என்று பொருள்படும் லத்தீனின் கெந்தேனாரியும், கிழக்கு மத்தியதரைக் கடல் வணிகத்தில் அரபு மொழிக்குப் போய்க் ‘கிந்தார்’ ஆகி, அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் ‘குவிண்டால்’ ஆகத் திரும்பி வந்தது. சென்டமும் குவிண்டாலும் ஒரே வேரின் இரண்டு முகங்கள் என்பது எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த செய்தி.

கலப்புச் சொற்களும் கால்களின் கணக்கும்

லத்தீனோடு லத்தீன், கிரேக்கத்தோடு கிரேக்கம் என்று சேர்ப்பதே முறை எனப் பழைய புலவர்கள் கருதினார்கள். பெயர் வைத்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பென்டாவேலன்டில் முற்பாதி கிரேக்கம், பிற்பாதி லத்தீன். பைசைக்கிளில் ‘பை’ லத்தீன், ‘சைக்கிள்’ கிரேக்கம். வட்டத்தைக் குறிக்கும் அந்தக் கிரேக்கக் குக்லோஸும் நம் ‘சக்கர’மும் ஒரே மூலத்தவை என்பதால், சைக்கிளின் சக்கரம் என்று சொல்லும்போது ஒரு வேரை இருமுறை சொல்கிறோம். கணினியாளர்கள் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையை ஹெக்சாடெசிமல் என்கிறார்கள். அதில் ஆறு கிரேக்கம், பத்து லத்தீன்.

வேதியியலிலும் இப்படியே. சமையல் எரிவாயுவில் உள்ள புரோப்பேனும் பியூட்டேனும் எண்ணால் பெயர் பெற்றவை அல்ல. நான்கு கார்பன் வரையிலான சேர்மங்களுக்கு வேறு வழியில் பெயர் வந்தது. ஐந்து கார்பனில் பென்டேன் தொடங்கி ஹெக்சேன், ஹெப்டேன், ஆக்டேன் என்று கிரேக்க எண்கள் வரும். ஒன்பதில் லத்தீன் புகுந்து நோனேன் என்று ஆகும். பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண், எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டாமல் எரியும் தன்மையின் அளவு. எட்டுக் கார்பன் கொண்ட ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஏழு கார்பன் கொண்ட ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அதை மதிப்பிடுகிறார்கள்.

உயிர்களின் பெயரில் எண் வந்தால் நம்புவதற்கு முன் எண்ண வேண்டும். ஆக்டோபஸ் என்பது எட்டுக் காலி, கணக்கு சரி. பூரானின் ஆங்கிலப் பெயரான சென்டிபீடுக்கு நூறு காலி என்று பொருள். ஆனால் வளர்ந்த பூரானின் கால் இணைகள் எப்போதும் ஒற்றைப்படையாகவே இருப்பதால், சரியாக ஐம்பது இணைகள், அதாவது நூறு கால்கள், அமைவதே இல்லை. மரவட்டைக்கு மில்லிபீடு, ஆயிரங்காலி என்று பெயர். ஆயிரம் காலைத் தாண்டிய மரவட்டை ஒன்றும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கு அடியில் கண்டெடுத்த, 1,306 கால்கள் கொண்ட ஓர் இனத்தை 2021இல்தான் அறிவித்தார்கள். அதற்கு மெய்யான ஆயிரங்காலி என்று பொருள்படும் யூமில்லிப்பெஸ் என்ற பெயரையே வைத்தார்கள்.

ஆயிரமும் அதற்கு மேலும்

லத்தீனில் ஆயிரம் மில்லே. மைல் என்பது ‘ஆயிரம் எட்டு’ (எட்டி வைக்கும் அடி) என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். வலக்கால் ஊன்றி மீண்டும் வலக்கால் ஊன்றும் வரையிலான தொலைவை ரோமானியர் ஓர் எட்டாகக் கொண்டதால் அவர்களுடைய மைல் சுமார் 1,480 மீட்டர் இருந்தது. பிரான்சு 1795இல் மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியபோது இரு மொழிகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தது. பெருக்கத்துக்குக் கிரேக்கம்: டெக்கா, ஹெக்டோ, கிலோ. பகுப்புக்கு லத்தீன்: டெசி, சென்டி, மில்லி. கிலோவும் மில்லியும் ஒரே ஆயிரத்தைத்தான் குறிக்கின்றன. ஒன்று ஆயிரம் மடங்கு, மற்றது ஆயிரத்தில் ஒரு பங்கு. இது எளிமையான, அறிவார்ந்த ஏற்பாடு. நிலப்பத்திரத்தில் வரும் ஹெக்டேர், நூறு ‘ஏர்’ (100 சதுர மீட்டர் கொண்ட நில அளவு) என்பதைச் சுருக்கியது. 10,000 சதுர மீட்டர்.

பெரிய எண்களில் இந்த ஒழுங்கு குலைந்தது. 1484இல் பிரெஞ்சுக் கணிதர் நிக்கோலா ஷூக்கே, மில்லியனை இருமுறை பெருக்கினால் பில்லியன், மும்முறை பெருக்கினால் ட்ரில்லியன் என்று எழுதிவைத்தார். அவர் கணக்கில் பெயரின் எண்ணும் பொருளின் எண்ணும் பொருந்தின. பிறகு ஆயிரம் மடங்குகளாக எண்ணும் வழக்கம் பரவி, பிரிட்டனும் 1974இல் அதற்கு மாறியது. இன்று செய்திகளில் வரும் பில்லியன் நூறு கோடி. ட்ரில்லியன் ஒரு லட்சம் கோடி. அவற்றின் பெயரில் உள்ள இரண்டும் மூன்றும் இப்போது நேரே எதையும் எண்ணுவதில்லை.

கணினிச் சேமிப்பின் அலகுகளில் எண் மறுபடியும் நேர்ப்பட்டது, அதுவும் ஒரு தற்செயலால். மெகா பெரியது என்றும், கிகா பூதம் என்றும், 1960இல் ஏற்கப்பட்ட டெரா கொடிய விலங்கு என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்கள், எண்கள் அல்ல. ஆனால் டெரா, ஆயிரத்தை நான்கு முறை பெருக்கிய அளவு. நான்கைக் குறிக்கும் டெட்ராவில் ஓர் எழுத்துக் குறைந்தது போலவும் தோன்றியது. 1975இல் அடுத்த இரண்டுக்குப் பெயர் தேடியபோது அந்தச் சாயலையே விதியாக்கினார்கள். பென்டாவில் ஓர் எழுத்தை நீக்கிப் பெட்டா, ஹெக்சாவில் ஓர் எழுத்தை நீக்கி எக்சா. 1991இல் ஏழுக்கும் எட்டுக்கும் ஜெட்டா, யோட்டா வந்தன. ட்ரில்லியனும் டெராவும் ஒரே எண் என்பதால், அதே அளவை ஒரு பெயர் மூன்று என்றும் மற்றொரு பெயர் நான்கு என்றும் சொல்வது இந்த வரலாற்றின் விளைவு.

2022 நவம்பரில் பிரான்சில் கூடிய எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு, ஒன்பதுக்கு ரோன்னாவையும் பத்துக்குக் குவெட்டாவையும் ஏற்றது. முந்தைய அலகுக் குறியீடுகள் ஏனைய எழுத்துகளைப் பிடித்துக்கொண்டுவிட்டதால், எஞ்சியிருந்த இரண்டு எழுத்துகளில் தொடங்குமாறு அந்தப் பெயர்களை அமைத்தார்கள். ஒன்பதின் என்னேயாவையும் பத்தின் தெகாவையும் ரோன்னாவிலும் குவெட்டாவிலும் தேடுகிறவர், சொல்லின் கடைசி அசையில் மங்கிய சாயலை மட்டுமே காண்பார்.